முப்பத்தேழாம் நம்பர் கண் திறக்கவில்லை

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழிப்பதென்றால் தாராளமாகக் கிழியுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள். போன் செய்திருக்கலாம்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் மேசையிலாவது கிடக்கும்.

உங்கள் அக்காவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நினைவுதான் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப்பட்ட நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தவள், இப்போது நம் வீட்டு நம்பரைக் கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறாள். இதையெல்லாம் நான் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு எழுதும் எண்ணமே இல்லை.

நாம் நடித்த அந்தப் போலீஸ் தொடரை மறுபடியும் போடுகிறார்கள், தெரியுமா? ஏதோ கிடங்கில் பழைய பிரதிகள் கிடைத்தனவாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பகுதியாக வருகிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம். டிவியில் நீங்கள் வந்தால் போதும், "பாருங்க, என் தம்பி, பெல்ட்டை எவ்வளவு கீழ போட்டிருக்கான் பாருங்க, சொன்னா கேக்க மாட்டான்" என்று சிரிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன வாரம் அந்தப் பகுதி வந்தது. எந்தப் பகுதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சைரன் சத்தம் ஆரம்பித்ததும் நான் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டேன். அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அது நாடகம், உன் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. "நான் என் கண்ணால பாத்தேன். எங்கிட்ட போய் மறைக்கிறீங்களே" என்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்தால் "என் தம்பி டியூட்டியில போயிட்டான்" என்று சொல்கிறாள். நேற்றுக் காலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே கூட இருந்தீங்க? ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?" என்று கேட்டாள்.

ஒருமுறை வந்து அவள் முன்னால் நில்லுங்கள். என்னோடு பேச வேண்டாம். நான் வெளியே போய்விடுகிறேன். உயிரோடு இருக்கும் உங்களைப் பார்த்துவிட்டால் சரியாகிவிடுவாள்.

அக்கா வீட்டுக்காரர்


ஜூன் 11

மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

செத்துப்போன கான்ஸ்டபிள் எழுதுவது. சேதி கேட்டு வருத்தமாக இருந்தது. ஆனால் அக்கா சொன்னதில் தப்பில்லையே? கூட இருந்தது நீங்கள்தானே? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவனை "போயிட்டான்" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றியது நீங்கள்தானே? அவளுக்கு எல்லாமே மறந்தும் அது மறக்கவில்லை பார்த்தீர்களா.

உங்களுக்கு வசதியாக மறந்திருக்கும், நான் ஞாபகப்படுத்துகிறேன். அப்போதெல்லாம் நாம் நடிக்க நடிக்கவே காட்சி நேராக வீட்டு டிவிகளுக்குப் போகும். தப்பினால் தப்பியதுதான், மறுபடி எடுக்க வழியில்லை. கதைப்படி எனக்குக் குண்டு படும். நீங்கள் மண்டியிட்டு "முப்பத்தேழு! முப்பத்தேழு!" என்று என் கான்ஸ்டபிள் நம்பரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் கண்ணைத் திறந்து, சுட்டவன் தப்பிப்போன வண்டியின் நம்பரைச் சொல்ல வேண்டும். மறுவாரம் ஆஸ்பத்திரிக் கட்டில், அதற்கு மறுவாரம் டியூட்டி. ஒத்திகையில் சைரன் ஒலிபெருக்கி என் காதருகில் இருந்ததால் நீங்கள் கூப்பிடுவது எனக்குக் கேட்கவில்லை. "என் இடது தோளை அழுத்துங்க அத்தான், முழிச்சிக்கிறேன்" என்றேன். டைரக்டருக்குக்கூடச் சொல்லாமல் நாம் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அழுத்தவில்லை. சைரன் நின்றது. நின்றதும் கேட்டது "போயிட்டான்" என்ற ஒரே சொல்.

அதற்குமேல் கண்ணைத் திறந்தால் பேயாகத்தான் திறந்திருக்க வேண்டும்.

மறுவாரமே எனக்குச் சவ ஊர்வலம் எழுதிவிட்டார்கள். ஊரே அழுதது. உங்கள் கண்ணீருக்குப் பரிசு கொடுத்தார்கள். எனக்கு எந்த நாடகக் கம்பெனியிலும் வேலை கொடுக்கவில்லை. "உங்களைப் பார்த்தாலே ஜனங்க அழுவாங்க, சார், நம்மது சிரிப்பு நாடகம்" என்றான் ஒருவன். பிறகு இந்த ஊருக்கு வந்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வாழ்க்கை முழுக்க அடுத்தவன் ஓட்டும் வண்டியில் இடதுபக்கம் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடிக்க வந்தவன் பிழைப்பு இது.

அன்று மேக்கப் அறையில் "வேணும்னே கொன்னுட்டீங்க" என்று கத்தினேன். அன்று கூட வந்திருந்த அக்கா உங்கள் பக்கம் நின்று, "அவர் அப்படிச் செய்யறவர் இல்லடா" என்றாள். அவளுக்குப் புருஷன் போதும் என்று புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது மட்டும் ஏன் வர வேண்டும்?

அவள் இரவில் தூங்குகிறாளா? சாப்பிட மறுத்தால் கெஞ்சாதீர்கள். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தானே சாப்பிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முப்பத்தேழு


ஜூன் 17

மாப்பிள்ளை,

அழுத்தினேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். மரியாதையாக எழுத ஆரம்பித்தவன் கோபத்தில் 'நீ' என்று இறங்கிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். உன்னை எட்டாம் வகுப்பு டிராயரில் பார்த்தவன் நான்.

அழுத்தினேன் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்கும் நிலையில் நீ இல்லை. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப அழுத்தினேன். நீ கட்டை மாதிரிக் கிடந்தாய். கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன். சைரனை நிறுத்திவிட்டார்கள். அத்தனை வீடுகளிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. தூங்கிவிட்டாயா, இல்லை என்னை மாட்டிவைக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தாயா என்று இத்தனை வருடமும் நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மாதம் என் சம்பளத்தை உயர்த்தி உன்னுடையதை உயர்த்தவில்லை என்று நீ முகத்தைத் தூக்கிவைத்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

உன்னை மறுபடி கொண்டுவரச் சொல்லி நான் தயாரிப்பாளரிடம் போனேன். "சவ ஊர்வலத்துக்கு அழுத ஜனங்க நம்ம வீட்டுல கல்லெறிவாங்க சார்" என்று சிரித்தார். இதையும் உன்னிடம் சொல்ல வந்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாய்.

உன் அக்கா எப்படியோ உன் விலாசத்தைத் தேடிப் பிடித்து, வருடாவருடம் உன் பிறந்தநாளுக்கு உனக்குக் கார்டு போட்டாள். ஒரு பதிலாவது வந்ததா? தபால்காரன் போனபிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நிற்பாள். அவள் யார் பக்கமும் நிற்கவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்கினாள்.

நீ சொன்ன மாதிரி தட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன். பாதி சாப்பிட்டாள். அதற்காக நன்றி சொல்ல மனசு வரவில்லை, சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பகுதியை நீ பார்த்ததே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நானும் பார்த்ததில்லை, தைரியம் வரவில்லை. நிறையப் பேர் கேட்டார்களாம், வருகிற ஞாயிறு அதையே திரும்பப் போடுகிறார்கள். இங்கே டிவி ஒயரைப் பிடுங்கிவிடுவேன். நீ பார். பார்த்துவிட்டு நான் கொலைகாரன் என்று தோன்றினால் வர வேண்டாம்.

இங்கே நேற்று அவள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க போங்க, இன்ஸ்பெக்டர்" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் என்னைச் சொன்னதில்லை.

அத்தான்


ஜூன் 25

அத்தான்,

பார்த்தேன்.

வீட்டில் தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி வீட்டுக்குப் போய் அவர் குடும்பத்தோடு பார்த்தேன். அவர் மனைவிக்கு அது நான் என்று கடைசிவரை தெரியவில்லை. "பாவம், லட்சணமான பையன்" என்று மூக்கை உறிஞ்சினார். நான் பக்கத்தில் முறுக்கு மீசையும் இல்லாமல் முடியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் அழுத்தினீர்கள், அத்தான். மூன்று முறை.

ஒத்திகையில் எனக்குக் காயம் எந்தப் பக்கம் என்று ஞாபகம் இருக்கிறதா? வலது மார்பு. அதனால்தானே இடது தோள் என்று பேசிக்கொண்டோம்? அன்றைக்குக் கேமராவை இடம் மாற்றிவிட்டார்கள். மேக்கப்காரர் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து, காயம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று அதை இடது தோளுக்கு மாற்றிக் கட்டிவிட்டார். சட்டைக்கு அடியில் இரத்தச் சாயப் பை, அதற்கும் அடியில் என் உடம்பில் கசியாமல் இருக்க ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சு. நம் ஏற்பாடு அவருக்குத் தெரியாது. எனக்கு வண்டி நம்பரை மறந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. உங்களுக்குப் பேசிய இடத்தில் அழுத்த வேண்டும் என்பதுதான் கவலை. இரண்டு பேரில் ஒருவருக்கும் இது மண்டையில் ஏறவில்லை.

திரையில் எல்லாம் அப்படியே தெரிகிறது. உங்கள் கை என் தோளில் இறங்குகிறது, சட்டையில் கறை பரவுகிறது. மறுபடி இறங்குகிறது, இன்னும் பரவுகிறது. மூன்றாவது முறை இரண்டு கையாலும் அழுத்துகிறீர்கள். ஜனங்கள் அதைப் பார்த்து இரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பஞ்சுக்கு இந்தப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

உங்கள் முகத்தையும் பார்த்தேன். பரிசு கொடுத்தார்களே, அது நடிப்புக்கே இல்லை. திருதிருவென்று விழிக்கிறீர்கள். என்னைப் பறிகொடுத்த மாதிரி விழிக்கிறீர்கள். அந்த முகத்தை அன்றைக்கே நான் பார்த்திருந்தால் மேக்கப் அறையில் அப்படிக் கத்தியிருப்பேனா? முதலாளி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அம்மாள் எனக்கும் கைக்குட்டை கொடுத்தார்.

எத்தனை வழக்கைக் கண்டுபிடித்தோம் அந்தத் தொடரில்! நம் வழக்கைக் கோட்டை விட்டுவிட்டோம்.

சம்பள விஷயத்தில் எனக்குப் பொறாமை இருந்தது உண்மை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற ஆள் நான் இல்லை. நீங்களும் கையை அழுத்தாமல் விடுகிற ஆள் இல்லை. அக்கா இதைத்தானே அன்றைக்குச் சொன்னாள்.

அவள் கார்டுகள் எல்லாம் வந்தன. பிரிக்காமல் இருந்ததில்லை. பதில் எழுத உட்கார்ந்தால், முதலில் அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்று தோன்றும். எதற்கு மன்னிப்பு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்த வருடம் எழுதலாம் என்று வைத்துவிடுவேன்.

ஜூலை முதல் ஞாயிறு வருகிறேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியுமா அவளுக்கு?

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 30

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. அந்தப் பஞ்சு என் கையில் தெரிந்திருக்க வேண்டும். மெத்தென்று இருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதை யோசிக்க நேரம் ஏது?

சீக்கிரம் வா. காலை பஸ்ஸைப் பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். என்னைக் கண்டால் அவளுக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வருகிறது, அதனால் கதவைத் திறந்துவிட்டு நான் மருந்துக் கடைக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு அம்மா அடுக்களையில் இருப்பார். நான் திரும்பி வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம். பழைய வீடு இல்லை இது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொண்டு ஏறு.

அடையாளம் தெரியுமா என்று கேட்டாயே. நீ வளர்ந்தது அவள் இடுப்பில். எப்படித் தெரியாமல் போகும்?

அத்தான்


ஜூலை 9

அத்தான்,

நீங்கள் திரும்பி வருவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். கதவில் என் பையை வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துவிட்டுப் போனீர்கள். அந்தக் கைக்கு நான் செய்த மரியாதை இது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகியிருக்காது. அங்கே நடந்ததைப் பக்கத்து வீட்டு அம்மா அரைகுறையாகச் சொல்லியிருப்பார். முழுவதையும் நான் சொல்கிறேன்.

அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சிறுத்துப் போய்விட்டாள்! போய் முன்னால் நின்று, "அக்கா, நான்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். நல்ல மரியாதையாக, "உக்காருங்க, ஐயா" என்றாள்.

"அக்கா, நான் உன் தம்பி. எனக்கு ஒண்ணும் ஆகல. உயிரோட இருக்கேன் பாரு" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க, இப்படியா விளையாடறது? என் தம்பி சின்னப் பையன், ஐயா. மீசைகூட இப்பத்தான் முறுக்க ஆரம்பிச்சான்" என்று உதடு துடிக்கச் சொன்னாள். அவள் தேடுவது டிவியில் வந்தானே, அந்தப் பையனை. இந்தக் கிழவனை அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லையே, அத்தான். எந்த வயதிலும் நான் என் முகத்தைக் காட்டவே இல்லை. முடி நரைத்தபோது காட்டியிருந்தால், மீசையை எடுத்தபோது காட்டியிருந்தால், போன வருடமாவது வந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். இதற்கு யார்மேல் பழிபோடுவேன்? பஞ்சுமேலா?

அவள் அழ ஆரம்பிப்பதைப் பார்த்ததும் பயந்துபோய், "மன்னிச்சிடுங்கம்மா, நான் ஸ்டேஷன்லேர்ந்து வரேன். உங்க தம்பியோட வேலை பாத்தவன்" என்று சொல்லிவிட்டேன். உடனே அடங்கினாள். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வலிச்சுதா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியல."

"எதாவது சொன்னானா?"

"அக்காகிட்ட சொல்லாம வந்துட்டேன்னு சொன்னாரு" என்றேன்.

"சொல்லுவான், சொல்லுவான்" என்று தலையை ஆட்டினாள். "பயங்கரக் கோவக்காரன், ஐயா. சோத்துல உப்பில்லன்னாக்கூட எழுந்து போய்டுவான். தெருக்கோடி வரைக்கும் போவான். நான் வாசல்ல நின்னு ஒரு குரல் கொடுத்தா போதும், ஓடி வந்துடுவான். நான் கூப்பிட்டு அவன் வராம இருந்ததே இல்ல."

அத்தான், அந்த இடத்தில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவளே பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இன்ஸ்பெக்டர் மனசு வெச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம், இல்ல?" என்றாள். நான் திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் நான் நடித்த நடிப்பையெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு உண்மையாக ஒன்றும் பேசியதில்லை. "இல்லம்மா. நான் பக்கத்துலயே இருந்தேன். அவர் மூணு தடவை எழுப்பினாரு. ரெண்டு கையாலயும் எழுப்பினாரு. உங்க தம்பிதான் முழிக்கல. இன்ஸ்பெக்டர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றேன். மடித்த துணியை மறுபடி எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

எழுந்தேன். வாசல்வரை வந்து, "பத்திரமா போங்க, ஐயா, படி செங்குத்து" என்றாள். அவ்வளவுதான். நான் போய் ஒன்றும் சரியாகவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 15

மாப்பிள்ளை,

மருந்தோடு மாடியேறி வந்து நீ இல்லாததைப் பார்த்ததும், பழைய கோபம்தான் முதலில் வந்தது. மறுபடியும் எழுந்து போய்விட்டான் என்று திட்டினேன். உன் கடிதம் வந்தபிறகு அந்தத் திட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நீ போன அன்று மத்தியானம் மூன்று இலைக்குச் சமைத்ததை நான் ஒற்றை ஆளாக முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். எனக்குப் பரிமாறினாள். எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா, அவள் கையால் நான் சாப்பிட்டு. பரிமாறிக்கொண்டே, "மூணு தடவை எழுப்பினீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்றாள். சொன்னேனே, சொல்லிக்கொண்டேதானே இருந்தேன் என்று சொல்ல வந்து, "மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் இனி உன்னைத் தம்பி என்று தெரிந்துகொள்வாள் என்று நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளிடமிருந்து பறித்தது பறித்ததுதான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, உனக்கும் வராது.

ஆனால் ஒன்று. அன்றிலிருந்து அவள் அழவில்லை. தினமும் கேட்கிறாள், "ஸ்டேஷன்லேர்ந்து வந்தாரே ஒரு ஐயா, நல்ல மனுஷன், அவர் மறுபடி எப்ப வருவார்? தம்பியைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா?" என்று. நேற்று என்னை வாசல்வரை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. அவள் கூப்பிடுகிறாள்.

அத்தான்